செத்தா 10 லட்சம், பொழைக்க ஒரு கட்டில் இல்லையா?

"குடிக்கிறவன் நெனச்சா நாளைக்கே விட்ருவான், எல்லாம் திமிரு." எளாவூர் டீக்கடையில தொடங்கி ஏரிக்கரைக் குப்பங்கள் வரைக்கும் இதைச் சொல்லாத ஆளே கிடையாது. அபராதம் போடறோம், தாயத்து கட்டறோம், சூடம் அணைச்சு சத்தியம் வாங்கறோம். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அவனும் நிறுத்தறான். மூணாம் நாள் இல்லாத ஆளோட பேச ஆரம்பிச்சா, காத்து கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறோம்.

அது காத்தும் இல்லை, கருப்பும் இல்லைங்க. வருஷக்கணக்கா தினமும் குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா சில மணி நேரத்துல கை நடுங்கும், ஓரிரு நாள்ல வலிப்பு வரலாம், அதுக்கப்புறம் புத்தி தடுமாறலாம். கவனிக்காம விட்டா உயிரே போகும். அதனாலதான் ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணும். மருந்து கொடுத்து நாளுக்கு நாள் அளவைக் குறைப்பாங்க, பி1 வைட்டமின் ஊசி போடுவாங்க. உடம்பு தேறினதும் மனசுக்கு ஆலோசனை. சென்னையில சாந்தி ரங்கநாதன் 1980ல ஆரம்பிச்ச டி.டி.கே. மையம் குடும்பத்தையும் சேர்த்து உட்கார வெச்சுப் பேசுது. இதெல்லாம் புது வித்தை இல்லை.

அரசும் 2025 பிப்ரவரியில 'கலங்கரை'ன்னு 25 மையம் திறந்துச்சு. நல்ல பேரு, நல்ல காரியம். ஆனா அங்க மூணு வாரம் படுத்தா வீட்டுல உலை எப்படிக் கொதிக்கும்? பழவேற்காடு ஏரியில பாடு முறை இருக்கு. எந்த நாள் யாரு எங்க வலை விடறதுன்னு ஊர் கூடி முடிவு பண்ணும். படுத்தவன் முறை போச்சு. துணைக்கு நிக்கிற பொண்டாட்டி கூலியும் போச்சு. நம்ம வயல்ல நடவுக்கு வர்றவங்களுக்கும் இதே கதைதான். வைத்தியம் இலவசம், படுக்கிறது இலவசம் இல்லை.

2023 மே மாசம் மரக்காணம் எக்கியார்குப்பம், நம்மள மாதிரி மீனவக் குப்பம், கள்ளச்சாராயத்துல பறிகொடுத்துச்சு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60 பேருக்கு மேல. செத்தவங்க குடும்பத்துக்கு ஆளுக்கு 10 லட்சம். கொடுத்தது தப்பில்லை. ஆனா உயிரோட மீளப் பாக்கிறவனுக்கு என்ன இருக்கு? 2003ல இருந்து கடையை அரசேதான் நடத்துது. 2023-24ல மட்டும் 45,000 கோடிக்கு மேல வருமானம்.

"குடிகாரனுக்கு சம்பளமா?"ன்னு கேப்பீங்க. மீன் குஞ்சு பெருகட்டும்னு 61 நாள் தடைக்காலம் விட்டு, கடல் மீனவருக்கு 8,000 ரூபா நிவாரணம் தர்றோம். மனுஷன் பொழைக்க 21 நாள் கூலி தரக் கூடாதா?

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிகள்ல இதுக்குன்னே தனி வார்டு வேணும். சேர்ந்திருக்கிற நாளுக்கான கூலி அவன் பொண்டாட்டி கணக்குல விழணும்.

அரசு செய்யற வரைக்கும் ஊர் சும்மா இருக்க வேணாம். அவன் பாட்டை அண்ணனோ மச்சானோ அவன் பேர்ல ஓட்டட்டும். அபராதக் காசு அவன் பஸ் செலவுக்குப் போகட்டும். எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியலைன்னா 14446க்கு போன் போடுங்க. சூடத்தை சாமிக்கு ஏத்துங்க.