சஸ்பென்ஷன் காற்றில் கை வைக்காதீர்கள்!

மணலில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. மணலில் இறங்கும் முன் டயர் காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி நிரப்ப வேண்டும். காற்று குறைந்த டயர் அகலமாகப் படர்ந்து மணலில் புதையாமல் போகும். அதே டயரோடு சாலையில் வேகம் பிடித்தால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனமோ, துபாயின் மணல்மேடோ, எங்கும் இதே கதைதான். ஆக, வண்டியிலேயே ஒரு கம்ப்ரஸர் இருந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிலருக்கு 'மூளை' அதிகமாக வேலை செய்கிறது. 1994இல் வந்த இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவரை எடுத்துக்கொள்வோம். அதில் கம்பிச்சுருள் ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பைகள். பானெட்டுக்குள் ஒரு சின்ன மின் கம்ப்ரஸர், அடியில் ஒரு காற்றுத் தொட்டி. "எல்லாம்தான் ஏற்கெனவே இருக்கிறதே! குழாயில் ஒரு டீ மாட்டி ஹோஸை இழுத்துவிட்டால் ஆயிற்று. இன்னொரு கம்ப்ரஸர் எதற்கு, தண்டச் செலவு?" என்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கிறது.

அந்த வண்டியின் ஒரு டயருக்குள் சுமார் 60 லிட்டர் இடம் இருக்கும். 15 பிஎஸ்ஐயிலிருந்து 30க்கு ஏற்ற, அதாவது ஏறக்குறைய 1 பார் கூட்ட, 60 லிட்டர் வெளிக்காற்று தேவை. நான்கு டயருக்கு 240 லிட்டர். தொட்டியின் கொள்ளளவோ சுமார் 10 லிட்டர். அழுத்தம் 10 பார். சஸ்பென்ஷனுக்கு மிச்சம் வைத்து 7 பார் வரை இறக்கினால் கிடைப்பது 30 லிட்டர். அதாவது அரை டயர்! மீதி மூன்றரை டயரையும் அந்தச் சின்னக் கம்ப்ரஸர்தான் மூச்சுப் பிடித்து ஊத வேண்டும். அது அவ்வப்போது தொட்டியை நிரப்பிவிட்டு ஓய்வெடுக்கப் பிறந்த ஜீவன். பாலைவன வெயிலில் தொடர்ந்து ஓடினால் சூடேறித் தானாகவே நின்றுவிடும். தினமும் இப்படி வதைத்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்து ஒருநாள் நிரந்தரமாகவே நிற்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று யார் கண்ணிலும் படுவதில்லை: ஈரம். வெளிக்காற்றை அழுத்தினால் அதிலுள்ள நீராவி தண்ணீராகப் பிரியும். அதைப் பிடித்துவைக்கத்தான் கம்ப்ரஸரை அடுத்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரப்பிய உலர்த்தி இருக்கிறது. அந்த மணிகள் எப்படிக் காய்கின்றன? வண்டி தாழும்போது பைகளிலிருந்து வெளியேறும் உலர்ந்த காற்று அதே உலர்த்தி வழியாகத் திரும்பிப் போய், ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வெளியே போகிறது. சூட்சுமமே இதுதான். டயருக்குள் போன காற்று திரும்பி வருவதில்லையே! ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே தங்கும், மணிகள் ஊறிப்போகும். பிறகு தண்ணீர் வால்வு பிளாக்குக்குள் புகுந்து அரிக்கும். மிச்சம் பிடித்தது ஒரு கம்ப்ரஸர் விலை, இழப்பதோ சஸ்பென்ஷன் முழுவதும்.

சரி, வழியில் அந்த டீயோ ஹோஸோ பிய்த்துக்கொண்டால்? தொட்டி காலி. பைகளுக்குக் காற்று இல்லை. கோளாறு என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டினால் வண்டி ரப்பர் முட்டுகளின் மேல் உட்கார்ந்துவிடும். மணிக்கு 35 மைலுக்கு மேல் போகாதே என்று எச்சரிக்கை வரும். ஊருக்குள் இது எரிச்சல். அடுத்த ஊர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மணல்காட்டில், வயிறு தரையில் தட்டும் வண்டியோடு நிற்பது உயிர்ப் பிரச்சினை.

"லாரிக்காரர்கள் பிரேக் காற்றிலிருந்தே டயருக்குப் பிடிக்கிறார்களே?" என்று மடக்குவார்கள். பிடிக்கிறார்கள்தான். ஆனால் லாரியின் கம்ப்ரஸரை ஓட்டுவது என்ஜின். என்ஜின் ஓடும்வரை அதுவும் சளைக்காமல் ஓடும். ஒரு பக்கம் காற்று போனால் மற்ற பக்கத்தைக் காக்கப் பாதுகாப்பு வால்வும் உண்டு. டயருக்குக் காற்று எடுக்கவும் வடிவமைக்கும்போதே வழி வைத்திருக்கிறார்கள். யானை சுமப்பதை ஆட்டுக்குட்டி மேல் ஏற்றினால் எப்படி?

செய்ய வேண்டியது எளிது. டயருக்கென்று தனிக் கம்ப்ரஸர் மாட்டுங்கள். மெல்போர்னில் 1975இல் தொடங்கிய ஏஆர்பி போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே 12 வோல்ட் கம்ப்ரஸர்கள் விற்கின்றன. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், ரிலே, ஃபியூஸ். சைலன்ஸர் சூடு படாத, தண்ணீர் எட்டாத இடம். அவ்வளவுதான்.

இரண்டுக்கும் உறவே கூடாதா? கூடும், ஒரே திசையில். ஒவ்வொரு பைக்கும் போகும் குழாயில் டயரில் இருப்பது போன்ற வால்வு ஒன்று பொருத்தி வையுங்கள். சஸ்பென்ஷன் கம்ப்ரஸர் படுத்துவிட்டால், தனிக் கம்ப்ரஸரால் பைகளை ஊதி வண்டியைத் தூக்கி வீடு வந்து சேரலாம். உலர்த்தாத காற்றுதான், ஆபத்துக்குப் பாவமில்லை.

டயருக்கு வைத்த காற்று சஸ்பென்ஷனைக் காப்பாற்றலாம். சஸ்பென்ஷனின் காற்றை டயருக்குத் திருடினால், கடைசியில் இரண்டும் இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.