வீடு போக ஆசைப்படுவது கோழைத்தனமா?



முதலாம் உலக யுத்தத்தை வகுப்பறையில் நாம் எப்படிப் படிப்பிக்கிறோம்? காரணங்கள், கூட்டணிகள், விளைவுகள். பிள்ளைகளும் மனனமிட்டு எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். யுத்தத்துக்குப் போய், நோயில் விழுந்து, வீட்டை நினைத்துக் கிடந்த மனிதன் அந்தப் பாடத்தில் இல்லை. அவனைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1914இல் பிரித்தானியா தனது இந்தியப் படையை பிரான்சுக்குக் கொண்டு போனது. பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் போனவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். சாதாரண சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். குளிரிலும் சேற்றிலும் காயப்பட்டும் நோயுற்றும் விழுந்தவர்களில் பலர் இங்கிலாந்தின் கரையோர நகரான பிரைட்டனுக்குக் கொண்டு வரப்பட்டார்கள். அங்கே ஒரு காலத்தில் அரச மாளிகையாக இருந்த ரோயல் பவிலியன் அவர்களுக்கு வைத்தியசாலையானது.

கவனிப்பு நன்றாகவே இருந்தது. ஒன்பது சமையலறைகள். முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். தொழுவதற்கு கிப்லாவை நோக்கிய புல்வெளி. மௌத்தான முஸ்லிம்களை வோக்கிங் நகருக்குக் கொண்டு போய், ஷாஜஹான் பள்ளிவாசலின் இமாம் மூலம் முறைப்படி அடக்கினார்கள். இவற்றை மறுப்பது நியாயமல்ல.

ஆனால் சுகமானவனை எங்கே அனுப்பினார்கள்? வீட்டுக்கல்ல, பலரைத் திரும்பவும் போர்முனைக்கு! ஒருமுறை காயப்பட்டால் ஊருக்குப் போகலாம் என்று நம்பியிருந்தவர்களுக்கு இதுதான் பெரிய இடி. எழுதப் படிக்கத் தெரியாத பலர் பிறரைக் கொண்டு வீட்டுக்குக் கடிதம் எழுதுவித்தார்கள். இராணுவத் தணிக்கை அதிகாரிகள் அவற்றை வாசிப்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் கரு மிளகு என்றால் இந்தியப் படையினர், செம்மிளகு என்றால் வெள்ளையர் என்று மறைபொருளில் எழுதினார்கள். உம்மாவுக்கும் தம்பிக்கும் மனதைத் திறந்து எழுதக் கூட வழியில்லை.

இன்னொரு கொடுமை, கையில் காயப்பட்டு வந்தவர்கள் தாங்களே சுட்டுக் கொண்டார்கள் என்ற சந்தேகம். பிரைட்டனின் கிச்சனர் வைத்தியசாலைக்குப் பொறுப்பாக இருந்த கேணல் புரூஸ் சீட்டன் 1,000 காயங்களை ஆராய்ந்தார். பரவலாக அப்படி நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காயத்தோடு சேர்த்து அந்த அவமானத்தையும் அவர்கள் சுமந்திருக்கிறார்கள்.

வீட்டை நினைப்பது கோழைத்தனமல்ல என்பதே எமது கருத்து. கணவன் யுத்தத்துக்குப் போன ஒரு பெண்ணின் ஏக்கக் குரலை இரவில் கேட்ட உமர் (ரழி) அவர்கள், மகள் ஹப்ஸா (ரழி) அவர்களிடம் விசாரித்து, படைவீரர்களைக் குறிப்பிட்ட மாதங்களுக்கு மேல் குடும்பத்தை விட்டுப் பிரித்து வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டதாக வரலாற்று நூல்களில் வருகிறது. ஏக்கத்தை அவர் குற்றமாகப் பார்க்கவில்லை. ஆட்சியாளன் பொறுப்புச் சொல்ல வேண்டிய விடயமாகப் பார்த்தார். பிரைட்டனில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் கணக்குப் பார்த்தவர்கள் இந்த ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. 1915 இறுதியில் பிரான்சிலிருந்து அகற்றப்பட்ட காலாட்படையினரில் பெரும்பாலோர் போனது கூட ஊருக்கல்ல, மெசபொத்தேமியப் போர்முனைக்குத்தான்.

எமது ஊர்களிலும் உழைக்கப் போன இடத்தில் நோயில் விழுந்து, நினைத்தவுடன் திரும்ப முடியாமல் தவித்தவர்களின் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சிப்பாயை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது ஒரு பயிற்சி கொடுத்துப் பார்ப்போம். பிரைட்டன் கட்டிலில் கிடக்கும் சிப்பாயாக நின்று உம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதட்டும், தணிக்கை அதிகாரியும் அதை வாசிப்பார் என்ற நினைவோடு. யுத்தத்தின் விளைவுகள் என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு விடை எழுதட்டும்.