துலாக்கோலும் வாக்குச்சீட்டும்

நீதிபதியொருவர் ஊர்மக்கள் முன் வந்து, "மீண்டும் என்னையே தெரிவு செய்யுங்கள்" என்று கைகூப்பி நிற்பதை மட்டக்களப்பு நாட்டார் கண்டதில்லை. கோயில் வண்ணக்கரைக் குடிகள் கூடித் தெரிவர்; நீதவானைத் தெரியார். அவரை நியமிப்பதும் இடமாற்றுவதும் நீதிச்சேவை ஆணைக்குழுவின் தொழில். ஐக்கிய அமெரிக்காவிலோ வாக்குக் கேட்கும் நீதிபதி வியப்புக்குரியவரல்லர். டெக்சாஸ் மாநிலத்திலே சிறு குற்றங்களை விசாரிக்கும் உள்ளூர் நீதிபதி முதல் உச்சக் குற்றவியல் மன்றத்தார் வரை யாவரும் கட்சிப் பெயர் தாங்கியே தேர்தலில் நிற்கின்றனர்.

மக்களாட்சியின் நிறைவு இதுவே என்பாரும் உளர். அவர் காட்டத்தக்க சான்றும் ஒன்றுண்டு. ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டியில், சிறு குற்றம் சாட்டப்பட்ட ஏழைகள் பிணைப்பணம் கட்ட வகையின்றிச் சிறையிற் கிடக்க, அதே குற்றம் சாட்டப்பட்ட பொருளுடையார் வீடு சென்றனர். 2016இல் இதனை எதிர்த்து வழக்கெழுந்தது. 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் இவ்வழக்கத்தைக் கண்டித்தது. உள்ளூர் நீதிபதிகளுட் பெரும்பாலோர் விடாது மேன்முறையீடு செய்தனர். 2018 நவம்பர்த் தேர்தலில் அவர்தம் கட்சி வீழ, புதியோர் வந்து 2019இல் வழக்கை இணக்கமாக முடித்தனர். வாக்கு நன்மையே செய்தது, மறுப்பதற்கில்லை.

ஆயினும் அவ்வாக்கு எவ்வாறு இடப்பட்டது? வாக்குச்சீட்டிலே நீதிபதிகள் மட்டும் பற்பலர். கட்சிக்கு நேரே ஒரு குறி இட்டால் அத்தனை பேருக்கும் வாக்குச் சேரும் முறை அன்று அங்கே இருந்தது. 2020 முதலே அது நீங்கியது. நல்லாரும் அல்லாரும் ஒரே குறியால் எழுந்தனர், ஒரே குறியால் வீழ்ந்தனர். இதனை நீதிபதியை எடைபோடுதல் என்பது எங்ஙனம்?

இன்னொன்று, என் நோக்கில் இதனினும் கொடிது. தேர்தற் குற்றங்களை மாநிலச் சட்டமா அதிபர் தாமாகவே வழக்காட இயலாது என்று 2021 டிசம்பரில் டெக்சாஸ் உச்சக் குற்றவியல் மன்றம் எட்டுக்கு ஒன்றாகத் தீர்த்தது. சட்டமா அதிபர் கென் பாக்ஸ்டன் அந்நீதிபதிகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். அவரும் அவர்களும் ஒரே கட்சியினர் என்பதை நினைவிற் கொள்க. 2024 மார்ச்சில், கட்சி வேட்பாளரைத் தெரியும் தேர்தலிலேயே, தலைமை நீதிபதி ஷாரன் கெல்லர் உட்பட மூவர் தோற்றனர். இனி அவ்விருக்கையில் அமர்பவர், தீர்ப்பெழுதுமுன் சட்டநூலை மட்டுமா புரட்டுவார்?

இதைச் சொல்லி நாம் நகைப்பதற்கும் இடமில்லை. குருந்தூர்மலை வழக்கில் கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு நீதிபதி சரவணராஜா, உயிரச்சுறுத்தல் உண்டென்று கூறி 2023 செப்டெம்பரிற் பதவி துறந்து நாட்டை விட்டகன்றார். அவர் எவரிடமும் வாக்குக் கேட்டவரல்லர். வாக்காளனுக்கு அஞ்ச வேண்டாத நீதிபதிக்கும் அஞ்சுதற்குப் பிறர் உளர்.

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை (கி.பி. 919, 921) நம்மவர் குடவோலைப் பெருமைக்காகவே எடுத்தாளுவர். ஈண்டுக் கருதத்தக்கது வேறொரு விதி. வாரியத்தில் 360 நாள் இருந்தவர், அடுத்த மூன்றாண்டுக்குள் மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வரலாகாது. அச்சபை வேதியர் ஊரின் சபை. ஏனையோர்க்கு அங்கே இடமில்லை. வாரியம் நீதிமன்றமுமன்று. எனினும் மறுமுறைப் பதவி மேல் வைத்த கண் பணியைக் கெடுக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நீதிபதிக்கு நீண்ட தவணை ஒன்று கொடுத்து, மறுதவணையை அறவே விலக்குவதே தக்கது என்பேன். ஓய்வின் பின் தூதர் பதவி, ஆளுநர் பதவி என்று அரசு நீட்டும் கையும் மறுதவணையே.

விக்னேஸ்வரன் 2013இல் வட மாகாண சபைத் தேர்தலில் வாக்குக் கேட்டாரே என்று வினவுவோர்க்கு விடை எளிது. உயர் நீதிமன்றத்தினின்று அவர் ஓய்வு பெற்றது 2004இல். அவர் வாக்குக் கேட்டபோது எவருடைய வழக்கும் அவர் கையில் இருக்கவில்லை.