எர்த் பின்னை முறிக்காதீர்கள்



மளிகை வியாபாரிகளின் பத்திரிகையில் ஹோம் தியேட்டரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். கீழே கடை, மாடியில் வீடு என்று வாழ்கிறவர்கள் நாம். தீபாவளி வியாபாரம் முடிந்ததும் பிள்ளைகள் ஆசைப்பட்டு ஒரு செட் வாங்குகிறார்கள். அது பழசானதும் கடைக்கு இறங்கி வந்து மார்கழி மாதம் பக்திப் பாட்டுப் பாடுகிறது. ஆகவே இது நம் விஷயந்தான்.

மேல்பட்டாம்பாக்கத்தில் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பையன் வாங்கி வந்த செட்டை டி.வி.யோடும் கேபிள் பெட்டியோடும் இணைத்தவுடன் 'உம்' என்று ஓர் இரைச்சல். பார்க்க வந்த மெக்கானிக் கட்டிங் பிளேயரை எடுத்து, மூன்று பின் ப்ளக்கில் இருந்த பெரிய பின்னை முறித்துப் போட்டார். இரைச்சல் நின்றது. கெட்டிக்காரர் என்று மெச்சி, கேட்டதற்கு மேலேயே கொடுத்து அனுப்பினேன்.

மளிகைக் கிடங்கு உள்ள வீட்டில் எலிக்குப் பஞ்சமா? சில மாதம் கழித்து செட்டின் பின்னால் கிடந்த கரண்டு வயரை எலி கடித்து, செம்புக் கம்பி இரும்புப் பெட்டியில் பட்டிருக்கிறது. ஆடியோ வயர் வழியாக அந்தக் கரண்டு கேபிள் பெட்டியின் தகரக் கூட்டுக்கும் போயிருக்கிறது. படம் தெரியவில்லை என்று பழுது பார்க்க வந்த பையன் ஒரு கையில் பெட்டியையும் மறு கையில் கேபிள் வயரையும் பிடித்துக் கழற்றினான். தூக்கி எறிந்துவிட்டது. மருமகள் ஓடிப்போய் மெயினை நிறுத்தினாள். பையன் பிழைத்தான், உள்ளங்கை வெந்து போயிற்று. அவன் தாயாருக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

அந்தப் பெரிய பின் அழகுக்கு வைத்ததல்ல. மற்ற இரண்டுக்கும் முன்னால் சாக்கெட்டில் சேர்ந்து, கடைசியாகப் பிரிய வேண்டும் என்றே அதை நீளமாக வைத்திருக்கிறார்கள். அது இருந்திருந்தால் கரண்டு எர்த்தில் இறங்கி, அப்போதே ப்யூஸ் போயிருக்கும்.

இரைச்சலுக்குக் காரணம் வேறு. கேபிள் வயருக்கு வெளியே எங்கோ ஓர் எர்த், நம் ப்ளக்குக்கு வீட்டில் ஓர் எர்த். இரண்டுக்கும் சிறிது வித்தியாசம் இருந்தாலும் ஆடியோ வயர் வழியே ஒரு சிறு கரண்டு ஓடும். அதுதான் ஸ்பீக்கரில் கேட்கிறது. டி.வி., கேபிள் பெட்டி, ரிசீவர் எல்லாவற்றையும் ஒரே போர்டில் சொருகிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கேபிள் வயரில் போடும் ஐசோலேட்டர் கிடைக்கிறது. அல்லது ஆப்டிக்கல் வயரால் இணைக்கலாம். அதில் போவது வெளிச்சம், செம்பே கிடையாது. செல்போன் பாட்டுக்கு புளூடூத் போதும்.

சிவப்பு வயர் வலது, வெள்ளை இடது. ஸ்பீக்கர் வயரின் இழைகள் ஒன்றோடொன்று படாமல் முறுக்கி, எல்லாவற்றையும் இணைத்த பிறகு கடைசியாகத்தான் கரண்டு கொடுக்க வேண்டும். ரிசீவரின் மேல் துணி போட்டு மூடாதீர்கள், சூட்டுக்கு வழி வேண்டும். கரண்டு போய் வரும்போது ப்ளக்கைப் பிடுங்கி வைப்பதும் நல்லது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பின் பல நாள் இருட்டில் கிடந்த நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 1962 முதல் கரண்டு எடுக்கும் நெய்வேலி பக்கத்தில் இருந்தும் அந்தக் கதி!

முறிக்காத பின்னும் சும்மாதான் இருக்கிறது பல கடைகளில். முன்பு இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றினார்கள். இப்போது குழாயெல்லாம் பி.வி.சி. ஆகிவிட்டது, கம்பி மட்டும் அப்படியே சுற்றிக் கிடக்கிறது. எர்த் குழி தோண்டியவர்களும் கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதில்லை. மூட்டை மூட்டையாக உப்பு விற்கிற நமக்கு எர்த் குழிக்கு ஒரு படி உப்பு போட மனமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டரும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத மல்டி பிளக்கும் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் தொங்குவது நம் கடைகளில்தான். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1,380 வாட். அதில் ஐஸ் பெட்டி, அயர்ன் பாக்ஸ், ரிசீவர் எல்லாம் ஏறினால் என்ன ஆகும்? நாம் விற்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவார்கள் என்பது உண்மைதான். கலப்பட எண்ணெய்க்கும் அதே சமாதானத்தைச் சொல்லலாம், நாம் சொல்வதில்லை. இவற்றைப் பெட்டி பெட்டியாக உங்களுக்குக் கொடுத்தவன் நான் என்பதால் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

மழைக்காலத்துக்கு முன் நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து உறுப்பினர் கடைகளின் எர்த்தைச் சங்கம் சோதிக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். கொள்முதல் பேச நான் தயார். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளத் தலைவரும் செயலாளரும் அனுமதிக்க வேண்டும். என்னிடம் மீதியிருந்த கன்வெர்ட்டர் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கேட்டு வருகிறவர்கள் மன்னிக்கவும்.