ஒரே கடல் என்பதால் ஒரே இருப்பா?

சூரை சமுத்திரம் முழுதும் திரியும் மீன், ஆகவே இலங்கையைச் சுற்றி அதன் மரபணுவை ஆராய்வது வெட்டி வேலை, நம் படகுகளுக்கு வரம்பு கேட்பது துரோகம். நண்பரின் கட்டுரையை எப்படிப் பிழிந்தாலும் இதற்கு மேல் ஒன்றும் தேறாது.

தூரம் நீந்த முடிவதும் தூரப்போய் இனம் பெருக்குவதும் ஒன்றா? 2008இல் ஆய்வாளர் சுதத் தம்மன்னகொடவும் சகாக்களும் இலங்கையைச் சுற்றிய கடலில் மஞ்சள் துடுப்புச் சூரையின் இழைமணி மரபணுவில் இடத்துக்கிடம் வேறுபாடு கண்டு, தனித்தனிக் கூட்டங்கள் இருக்கக்கூடும் என்றார்கள். 2013இல் இந்தியக் கடல்களில் அதற்கு மூன்று இருப்புகள், அதாவது தனித்தனியே இனம் பெருக்கும் மூன்று கூட்டங்கள், என்றது இன்னோர் ஆய்வு. இவற்றை மறுக்க வேண்டியவர் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை.

வேறுபாடு இருந்தாலும் அது அற்பம், நிர்வாகத்துக்கு உதவாது என்கிறாரே, இங்கேதான் அவருடைய அறிவியல் முழுசாகக் கவிழ்கிறது. தலைமுறைக்கு ஒருசில மீன்கள் இடம்மாறிக் கலந்தாலே இரு கூட்டங்களின் மரபணு வேறுபாடு பெருமளவு கரைந்துவிடும் என்பது மரபியலாளர் சீவல் ரைட் காலத்துப் பாடம். அந்த ஒருசில மீன்கள் வந்து, பலநாட் படகுகள் வாரி வெறுமையாக்கிய கடலை நிரப்புமா? பரிணாமம் பல நூறு தலைமுறைகளில் கணக்குப் பார்க்கிறது. மீனவனுக்கோ அடுத்த பருவத்தில் வலை நிறைய வேண்டும். ஆகவே வேறுபாடு தென்படாவிட்டால்கூட இருப்பு ஒன்றே என்று ஆகிவிடாது. இத்தனை கலப்பையும் மீறி வேறுபாடு தென்படுகிறதென்றால் அதை அற்பம் என்பவர் எதை அளக்கிறார்?

2015இல் மிகைப்பிடிக்கு உள்ளானதென்று அறிவிக்கப்பட்ட இந்தச் சூரை 2024 மதிப்பீட்டில் மீண்டுவிட்டது, இனி வரம்பு எதற்கு என்பது அடுத்த வாதம். அந்த மதிப்பீடே முழு இந்து சமுத்திரத்தையும் ஒரே இருப்பாகக் கொண்டு செய்யப்பட்டது. இரண்டு தோட்டத்துக் கொழுந்தை ஒரே தராசில் கொட்டி நிறுத்தால் எந்தத் தோட்டம் கருகுகிறதென்று யாருக்குத் தெரியும்?

இனி முரண்பாட்டுக்கு வருவோம். ஐரோப்பியச் சுருக்குவலைக் கப்பல்கள் அள்ளும்போது அது "நம் மீன்". நம் செவுள் வலைகளுக்கு வரம்பு என்றதும் அது எல்லையற்ற சமுத்திரத்து மீன். இருப்பு ஒன்றென்றால் நாம் பிடிக்கும் ஒவ்வொரு தொன்னும் அதே கணக்கில்தான் ஏறும். பலவென்றால் நம் கரையோர இருப்புக்கு முதல் பொறுப்பு நாமும் அயலாரும்தான். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் வரம்பிலிருந்து தப்ப வழியில்லை. அதனால்தான் அவர் எதையும் தேர்வதில்லை. அவருக்கு வேண்டியது வரம்பின்மை, அறிவியல் அதற்கொரு போர்வை.

மலைநாட்டுத் தோட்டத்தில் இருப்பவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்ற ஏளனத்துக்கும் பதில் வேண்டுமா? எங்கள் தோட்டங்கள் இருக்கும் இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் கடற்கரையில்லை. இறக்குவானையிலும் தெரணியகலையிலும் வாங்கும் ஒவ்வொரு துண்டுக் கடல் மீனும் கருவாடும் வெளியிலிருந்தே வருகிறது. 2016 சுகாதார ஆய்வின்படி தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர்கள். நாட்டுச் சராசரி 17. மீன் அருகி விலை ஏறும்போது கறிச்சட்டியிலிருந்து அது முதலில் மறைவது எங்கள் லயங்களில்தான். துறைமுகங்களில் இறங்கும் சூரையிலிருந்து ஆண்டுதோறும் மரபணு மாதிரி எடுங்கள், அது காட்டும் இருப்புகளுக்கேற்ப வரம்பு வையுங்கள் என்று கேட்க எங்களுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?