உரிய காலத்தில்

ஊரில் கூரை பற்றிக்கொண்டால் சிறு குழந்தைகூடக் கூச்சல் போடும். யாரிடமும் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்காது. கற்றறிந்தவர்கள் கூடி நடத்தும் சர்வகலாசாலைகளிலோ, அபாயம் வந்திருக்கிறது என்று சொல்வதற்கே ஒரு கூட்டம் கூட வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் விர்ஜீனியா மாகாணத்து விர்ஜீனியா டெக் சர்வகலாசாலையில், 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 16ந் தேதி நடந்ததை நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். காலை சுமார் 7.15 மணிக்கு மாணவர் விடுதி ஒன்றில் இருவர் சுடப்பட்டனர். சுட்டவன் அகப்படவில்லை. இது ஏதோ சொந்த விவகாரம், ஆசாமி வெளியேறியிருப்பான் என்று போலீஸார் அனுமானம் செய்தார்கள். 8.25க்கு அதிகாரிகள் கூடினார்கள். யோசித்தார்கள். மாணாக்கர்களுக்கு முதல் மின்னஞ்சல் புறப்பட்டபோது மணி 9.26!

அதிலாவது உள்ளதை உள்ளபடி சொன்னார்களா? துப்பாக்கிச் சூடு ஒன்று நிகழ்ந்ததாம். எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். உயிர்ச் சேதம் உண்டென்றோ, சுட்டவன் பிடிபடவில்லையென்றோ ஒரு வார்த்தை கிடையாது. படித்தவர்கள் வழக்கம்போல் வகுப்புக்குப் போனதில் என்ன ஆச்சரியம்?

கால் மணி நேரத்திற்குள் அதே பாதகன் நாரிஸ் ஹால் என்னும் கட்டிடத்தில் புகுந்து, வகுப்பு வகுப்பாகச் சென்று 30 பேரைக் கொன்றான். நம் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பிறந்து, நீரியல் சாஸ்திரத்தில் தேர்ந்து, அங்கே நெடுங்காலம் கற்பித்துவந்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன் பாடம் நடத்திக்கொண்டிருந்த அறையிலேயே உயிர் நீத்தார். ஹிட்லர் காலத்துக் கொடுமைகளுக்குத் தப்பிப் பிழைத்த முதியவர் லிவியு லிப்ரெஸ்கு, மாணாக்கர்கள் ஜன்னல் வழியே குதித்துத் தப்பும்வரை கதவைத் தம் உடலால் தாங்கி நின்று மாண்டார்.

கவர்னர் நியமித்த விசாரணைக் குழு அவ்வாண்டே தன் அறிக்கையை வெளியிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட கட்டிடங்களையும் நொடியில் பூட்டிவிடுவது நடவாத காரியம் என்று குழுவினர் ஒப்புக்கொண்டார்கள், நியாயந்தான். ஆனால் செய்தியை முன்பே சொல்லியிருக்கலாம் என்றார்கள். தாமாகவே எச்சரிக்கை அனுப்பப் போலீஸாருக்கு வசதி இல்லை. மேலதிகாரிகளின் முடிவுக்குக் காத்திருந்தார்கள். கருவியில் கோளாறில்லை, 'சொல்' என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அவசரப்பட்டால் வீண் பீதி உண்டாகாதா என்று கேட்கலாம். உண்டாகும். 2025 ஆகஸ்டில் வில்லனோவா சர்வகலாசாலையில் எவனோ சொன்ன பொய்யை நம்பி எச்சரிக்கை பறந்தது. புது மாணாக்கர்களும் பெற்றோரும் பதறி ஓடினார்கள். கோபம் வந்திருக்கும். ஆயினும் அந்தப் பொய்ச் செய்தியால் யாரும் சுடப்படவில்லை. இரண்டு தவறுகளையும் ஒரே தராசில் வைப்பது தகாது என்பதே நம் அபிப்பிராயம்.

1990ஆம் ஆண்டுச் சட்டம் 'உரிய காலத்தில்' எச்சரிக்க வேண்டும் என்றது. எத்தனை நிமிஷம் என்று சொல்லவில்லை. அபாயம் ஊர்ஜிதமானதுமே அறிவிக்க வேண்டும் என்ற விதி 2008இல்தான் சேர்ந்தது. விர்ஜீனியா டெக்கிற்கு 2011இல் விதித்த 55,000 டாலர் அபராதமோ, 'உரிய காலம்' எது என்ற வாதப் பிரதிவாதங்களுக்குப் பின் 32,500 டாலராகக் குறைந்தது.