பயறுக்கு யூரியா! பசுவுக்கு வைக்கோல்!

மணலூர்பேட்டைப் பக்கம், தென்பெண்ணைக் கரையோரக் கிராமங்களில் கூலி வேலையோடு ஒரு கறவை மாட்டையும் நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த மாட்டுக்குக் கிடைப்பது என்ன? நெல் வைக்கோல்! நூறு பங்கு வைக்கோலில் புரதம் சுமார் 4 பங்குதான். வேலிமசால், காராமணி போன்ற பயறுவகைத் தீவனத்தைக் காயவைத்து எடைபோட்டால் 15 முதல் 20 பங்கு வரை புரதம் உண்டு. அப்படியிருக்க, ஏழையின் மாடு ஏன் வைக்கோலோடு நிற்க வேண்டும்?

"யூரியாவைப் போடு, தழைத்து வரும்" என்கிறார் உரக்கடைக்காரர். நெல்லுக்கு அது சரியாகலாம். பயறின் வேர் முடிச்சிலோ ரைசோபியம் என்ற நுண்ணுயிர் குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைக் காசு வாங்காமல் பிடித்துத் தருகிறது. யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் முடிச்சுக் கட்டுவதையே குறைத்துக்கொள்கிறது. இலவசமாக வருவதைத் தடுத்துவிட்டு அதையே விலைக்கு வாங்குகிறோம்! லாபம் யாருக்கு?

அந்த முடிச்சு உழைக்க மணிச்சத்து வேண்டும். அது குறைந்தால் விளைச்சல் சரியும். தழையில் புரதமும் குறையும். மணிச்சத்தில்லாத தீவனத்தைத் தின்னும் மாடு எலும்பைக் கடிக்கும். சினை பிடிக்காமல் ஏமாற்றும்.

"ரசாயன உரமே விஷம், சாணமே போதும்" என்று உபதேசிக்கும் கனவான்களும் உண்டு. தொழுவுரத்தின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் மண்ணில் இல்லாத மணிச்சத்து, அந்த மண்ணின் வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணத்தில் எங்கிருந்து வரும்?

கணக்கைப் பார்ப்போம். தீவனக் காராமணிக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 25, மணிச்சத்து 40, சாம்பல்சத்து 20 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. பத்து சென்ட் நிலத்துக்கு இது சூப்பர் பாஸ்பேட் 10 கிலோ, யூரியா 2 கிலோவுக்குச் சற்று அதிகம், பொட்டாஷ் ஒன்றேகால் கிலோ. இவ்வளவுதான்! சூப்பரில் உள்ள கந்தகமும் புரதம் கட்ட உதவுகிறது. ஆனால் பசுந்தழையை மட்டும் வயிறு முட்டப் போட்டால் மாட்டுக்கு வயிறு உப்பும். வைக்கோலோடு கலந்தே போட வேண்டும்.

இந்த 10 கிலோவுக்கு வழியடைத்தவர் யார்? 2010 ஏப்ரல் 1ல் மத்திய சர்க்கார் யூரியா விலையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு, மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலையைக் கம்பெனிகளிடம் விட்டது. அதற்குமுன் சுமார் ரூ.470க்கு விற்ற 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை, 2022ல் ரூ.1,350! 45 கிலோ யூரியாவோ வரி நீங்கலாக ரூ.242. இந்த விலைக்கோணலே ஏழையின் கையை யூரியா மூட்டைப் பக்கம் தள்ளுகிறது. விவசாயியின் அறியாமை என்று பழி போடுவது அயோக்கியத்தனம்!

நாட்டின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906லேயே நம் ராணிப்பேட்டையில் எழுந்தது. தொழிலாளியின் உழைப்பில் விளைந்த அந்த உரம் விவசாயத் தொழிலாளியின் கொல்லைக்கு மட்டும் எட்டாதா?

நாம் கேட்கிறோம்: மணிச்சத்து உரங்களுக்கும் விலைக் கட்டுப்பாடு வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் சூப்பரைக் கிலோ கணக்கில் கொடு! பால் சொசைட்டியில் வேலிமசால் விதையும் ரைசோபியமும் கொடு! ஊர் ஊராக மண்ணைச் சோதித்துச் சொல்! நிலமற்றவர் தீவனம் வளர்க்கப் பொது நிலம் ஒதுக்கு!

தோழர்களே, இது பிச்சையல்ல. நம் குழந்தைகளின் பாலுக்கான உரிமை. கிராமந்தோறும் கூடிப் பேசுவோம், ஒன்றுபட்டுக் கேட்போம்!